எட்டு என்று சொல்லுங்கள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஊசியக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் திரும்புவாள். அவள் கைப்பட்டால் ஊசி போட்டதே தெரியாது என்று நோயாளிகள் செல்லமாக வைத்த பெயர் அது. கூட வேலை செய்கிறவர்கள் அதே பெயரை உதட்டைச் சுழித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தது பிற்பாடு.

அறுவைச் சிகிச்சை வார்டில் அவளுக்குப் பத்தொன்பது வருஷம். அதில் முதல் ஆறு வருஷம் அவளும் மாத்திரைக்காரிதான். அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அறுவை முடிந்து வருகிறவர்களின் மருந்துச் சீட்டில் டாக்டர்கள் வலிக்கென்று மூன்று மருந்தை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘தேவைப்பட்டால்’ என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மேலே சாதாரண வலி மாத்திரை, அதற்குக் கீழே கொஞ்சம் பலமான ஊசி, அதற்கும் கீழே மார்ஃபின். யாருக்குத் தேவை, எப்போது தேவை, மூன்றில் எது தேவை என்பதெல்லாம் நர்ஸ் பாடு. மாத்திரை என்றால் டப்பாவைத் திறந்து, ஒரு வாய் தண்ணீரோடு கொடுத்து, ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. மார்ஃபின் என்றால் அலமாரிச் சாவி வைத்திருக்கும் ஹெட் சிஸ்டரைத் தேட வேண்டும். பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். உடைத்த குப்பியைத் திரும்பக் காட்ட வேண்டும். போட்ட பிறகு கால் மணிக்கு ஒருதரம் போய் நின்று மூச்சை எண்ண வேண்டும். முப்பது படுக்கைக்கு மூன்று நர்ஸ் ஓடுகிற இடத்தில் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஏழாம் வருஷம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் முழங்கால் அறுவைக்காக வந்து, நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். இருக்கிற இடமே தெரியாத மனுஷர். அவர் போன பிறகு விரிப்பை உருவும்போது தலையணை உறைக்குள்ளிருந்து மடித்த செய்தித்தாள் ஒன்று விழுந்தது. அதன் ஓரத்து வெள்ளையில் பென்சிலால் பொடி எழுத்தில் நேரம் குறித்திருந்தார். ‘ஒன்பது பத்து, கேட்டேன். ஒன்பது நாற்பது, கேட்டேன். பத்து இருபத்தைந்து, கேட்டேன். இப்பதானே குடுத்தோம் என்றார் உயரமான நர்ஸ். பதினொன்று, கேட்கவில்லை.’ அவ்வளவுதான். திட்டும் இல்லை, புகாரும் இல்லை. அந்த வார்டில் உயரமான நர்ஸ் என்று ஒருத்திதான் இருந்தாள்.

வலி அடங்கியதால் கேட்கவில்லையா, கேட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்கவில்லையா? இரண்டு நாள் அந்தக் கேள்வியை அவள் மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். விடை தெரியாமல் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாளிலிருந்து அவள் பார்க்கக் கற்றுக்கொண்டாள்.

பார்ப்பது என்றால் சும்மா எட்டிப் பார்ப்பது இல்லை. வயிற்றில் தையலோடு கிடக்கிறவனை ஒருதரம் இருமச் சொல்லுவாள். இருமாமல் தொண்டையை மட்டும் செருமினால் அவளுக்குப் புரிந்துவிடும். சாப்பாட்டுத் தட்டை எட்டி இழுக்கிறானா, யாராவது இழுத்துத் தரட்டும் என்று காத்திருக்கிறானா என்று கவனிப்பாள். போர்வைக்கு வெளியே தெரிகிற கால் விரல்கள் மடங்கியிருக்கின்றனவா என்று பார்ப்பாள். ஊரைக் கூட்டுகிற ஆள் பாதி நேரம் வலியால் கத்துவதில்லை, பயத்தால் கத்துகிறான். பக்கத்தில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, தலையணையைச் சரியாக வைத்து, ஒரு மாத்திரை கொடுத்தால் தூங்கிவிடுவான். சிறுநீரகம் கெட்டவனுக்கு எது ஆகாது, நெஞ்சுச் சளிக்காரனுக்கு எதைப் பாதியாகக் குறைக்க வேண்டும், கிழவருக்கு எது தலையைச் சுற்றும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் ஊசியைக் குத்தினாள் என்பது பின்னால் கட்டிவிட்ட கதை. ஆனால் சாவியை அதிகம் கேட்டது அவள்தான், அது உண்மை.

ஹெட் சிஸ்டர் அவளோடு ஒரே வருஷம் படித்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். சாவியை நீட்டும்போதெல்லாம் அலுத்துக்கொள்வாள்.

“உன் டூட்டியில மட்டும் எப்படிடி எல்லாருக்கும் வலிக்குது?”

“உன் டூட்டியிலயும் வலிக்குது. உனக்குக் கேக்கல.”

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். அந்தச் சிரிப்பு அப்போது உண்மையான சிரிப்புதான்.

பிறகு நம்பர் வந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் ஓர் அட்டையை மாட்டினார்கள். சிரித்த முகத்தில் தொடங்கி அழுத முகத்தில் முடிகிற ஆறு முகங்கள், கீழே சைபரிலிருந்து பத்து வரை. நோயாளியிடம் கேட்க வேண்டும். மூன்று வரை சொன்னால் மாத்திரை, நாலிலிருந்து ஆறு என்றால் நடு ஊசி, ஏழும் அதற்கு மேலும் என்றால் மார்ஃபின். முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேட்காமலே போன காலத்துக்கு இது எவ்வளவோ மேல். போகப்போகத்தான் ஒன்று தெரிந்தது: கேட்டாகிவிட்டது என்பதால் யாரும் பார்ப்பதில்லை. கதவருகிலேயே நின்று “எவ்ளோ?” என்பார்கள். “அஞ்சு” என்று குரல் வரும். குனிந்த தலை நிமிராமல் ஐந்து என்று எழுதுவார்கள்.

மரமில்லில் ரம்பம் ஓட்டுகிற ஒருவருக்குக் குடல் அறுவை நடந்தது. ஐம்பத்தெட்டு வயசு, தேக்குக்கட்டை மாதிரி உடம்பு. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு ஊசியக்கா அவரிடம் போனாள். பக்கத்தில் மருமகன் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வலி எப்படிங்கய்யா இருக்கு? பத்துக்கு எத்தன சொல்வீங்க?”

அவர் மருமகனை ஒருதரம் பார்த்தார். “அது கெடக்கு. ஒரு நாலு போட்டுக்கங்கம்மா.”

“ஒருதரம் இருமுங்க, பாப்போம்.”

அவர் தொண்டையைச் செருமினார். மேலுதட்டில் வியர்வை பூத்திருந்தது. மூச்சு தொண்டைக்குழியோடு போய்த் திரும்பிக்கொண்டிருந்தது, வயிற்றுக்கு இறங்கவே இல்லை. இப்படியே விட்டால் நாளைக்குச் சளி கட்டும், நாளன்றைக்குக் காய்ச்சல் வரும், அதற்குப் பிறகு வருவதை அவள் பலதடவை பார்த்திருக்கிறாள். நாலுக்கு நடு ஊசி. ஆனால் காலையில் அதைத்தான் ஏற்கெனவே போட்டிருந்தார்கள், ஒரு பலனும் இல்லை. அவள் வார்டு போனிலிருந்து சின்ன டாக்டரைக் கூப்பிட்டாள். பெரிய சர்ஜனுக்குக் கீழே வேலை செய்கிற பையன். மூன்று மருந்தையும் எழுதிய கை அவனுடையதுதான்.

“டாக்டர், மரமில்காரர் நாலுங்கிறார். ஆனா இருமவே முடியல. நடு ஊசி கேக்கல. மார்ஃபின் கொஞ்சமாப் போடலாமா? போட்டா அந்த நடு ஊசியச் சீட்டுலேருந்து அடிச்சுடணும், ரெண்டும் ஒரே ஜாதி மருந்து, சேந்தா மூச்சை அமுக்கிடும்.”

“அக்கா, உங்களுக்குத் தெரியாததா? பாத்துக் குடுங்க. நான் தியேட்டர்ல இருக்கேன், ரவுண்ட்ஸ் வரும்போது அடிச்சுடறேன்.”

குறைந்த அளவில் போட்டாள். சீட்டில் நேரம் எழுதினாள். ‘சொன்னது நாலு. இருமல் இல்லை. மேல்மூச்சு. வியர்வை’ என்று பின்பக்கத்தில் குறித்தாள். அரைமணியில் அவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நன்றாக இருமித் துப்பினார். “இப்பதாம்மா மூச்சு விடற மாதிரி இருக்கு” என்றார். மருமகனும் நிமிர்ந்து பார்த்தான்.

ரவுண்ட்ஸ் அன்றைக்கு வரவில்லை. இரண்டு மணிக்கு மத்தியான ஷிப்ட் நர்ஸ் வந்தாள். “பன்னெண்டாம் பெட்டுக்கு மார்ஃபின் போயிருக்கு, பாத்துக்க” என்று ஊசியக்கா சொன்னாள். வந்தவள் மணியடித்த போனை எடுத்துக்கொண்டே தலையாட்டினாள். நடு ஊசியின் மேல் ஒரு கோடு இழுத்திருக்கலாம். டாக்டர் எழுதியதை நர்ஸ் அடிக்கக் கூடாது, சரி. ஒரு துண்டுக் காகிதமாவது ஒட்டியிருக்கலாமே! இந்த ஒன்றை மட்டும் அவள் கடைசிவரை தன் தப்பு என்றுதான் சொன்னாள்.

இரண்டரைக்குக் கட்டு மாற்றினார்கள். கட்டைப் பிரிக்கும்போது யாருக்கும் உயிர் போகும். மத்தியான நர்ஸ் நம்பர் கேட்டாள், அவர் எட்டு என்றார். எட்டுக்கு மார்ஃபின் போட வேண்டும், சாவிக்காரி சாப்பிடப் போயிருந்தாள், அதனால் நடு ஊசியைப் போட்டாள். மேலே எழுதியிருந்த நேரத்தைப் பார்க்கவில்லை. மூன்றேகாலுக்கு மரமில்காரரின் மனைவி கூச்சல் போட்டாள். போய்ப் பார்த்தால் நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, உதடு நீலம். மார்ஃபினை முறிக்கிற மருந்து கொடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கடைக்குப் போய்விட்டுப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த ஊசியக்காவுக்குப் போன் வந்தது; கைப்பையை யாரிடமோ கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தாள்.

அவர் பிழைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். ஆனால் மருமகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான்.

விசாரணை ஒரு நீள மேஜையைச் சுற்றி நடந்தது. ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், கதவோரமாக.

“நோயாளி சொன்னது நாலு. நீங்க போட்டது ஏழுக்கு மேல சொன்னாப் போடறது. ஏன் சிஸ்டர்?”

“அவரு வாய்தான் சார் நாலுன்னு சொல்லுச்சு. உடம்பு அப்படிச் சொல்லல.”

“உடம்பு சொல்றதை எழுத இந்தச் சீட்டுல எங்கயாவது கட்டம் இருக்கா?”

“இல்ல சார். அதனாலதான் பின்னாடி எழுதினேன்.”

யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சின்ன டாக்டரைக் கேட்டார்கள். அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு, “அன்னிக்கு தியேட்டர்ல பிஸியா இருந்தேன் சார். போன் வந்த மாதிரி ஞாபகம் இல்ல. சிஸ்டர் அனுபவசாலி, அவங்களா முடிவு எடுத்திருக்கலாம்” என்றான். அக்கா என்று அல்லாமல் சிஸ்டர் என்று அவன் சொன்னது அன்றைக்குத்தான் முதல் தடவை. வார்டு போனில் பேசியதற்குச் சாட்சி அவளும் அவனும்தான்.

மருமகன் வந்தான். “மாமா நாலுன்னுதான் சொன்னாரு. நான் பக்கத்துலயே இருந்தேன்” என்று அடித்துச் சொன்னான். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மத்தியான நர்ஸ் எட்டு கேட்டு எட்டு எழுதியிருந்தாள். எட்டுக்கு உரிய மருந்தைப் போடாததை யாரும் கேட்கவில்லை, அவள் கட்டமெல்லாம் சரியாக நிரம்பியிருந்தது. முந்தின நேரத்தைப் பார்க்காததற்கு வாயால் எச்சரித்து அனுப்பினார்கள். மூன்று மருந்தை முன்பின் சொல்லாமல் எழுதிவைத்ததைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஊசியக்காவை வார்டிலிருந்து எடுத்து, அறுவை அரங்குக்கு முன்னால் இருக்கிற காத்திருப்பறையில் போட்டார்கள்.

ஹெட் சிஸ்டர்தான் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். “உன் நல்லதுக்குத்தான். கொஞ்ச நாள் தலையக் குனிஞ்சுக்கிட்டு இரு.”

“எத்தன நாள்?”

ஹெட் சிஸ்டர் கையெழுத்து வாங்கிய நகலை மடித்துக்கொண்டு வார்டுக்குத் திரும்பினாள்.

அவள் புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே, “ரூல்ல என்ன இருக்கோ அதைச் செஞ்சுட்டுப் போறதை விட்டுட்டு உனக்கு எதுக்கு வேண்டாத வேலை?” என்றார்.

“ரூல்ல இருந்தா பிரேக்கைத் தொட்டுப் பாக்காம வண்டிய வெளிய விடுவீங்களா?”

அவர் துணியை மடித்து வைத்தார். “இப்ப அப்படித்தான் விடச் சொல்றாங்க. விட்டுட்டுதான் வரேன்.”

காத்திருப்பறையில் எட்டு நாற்காலி, ஒரு திரை, ஒரு எடைமெஷின். காலையில் அறுவைக்கு வருகிறவர்கள் அங்கேதான் உடை மாற்றிக்கொண்டு உட்காருவார்கள். மோதிரத்தைக் கழற்றச் சொல்ல வேண்டும், பல்செட்டை வாங்கி வைக்க வேண்டும், நகப்பூச்சைத் துடைக்க வேண்டும், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுத வேண்டும். பகல் பதினொன்றுக்கெல்லாம் அறை காலி. அதற்கு மேல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஊசி என்ற பேச்சே இல்லாத அறைக்கு ஊசியக்காவை அனுப்பியிருக்கிறார்கள் என்று கேன்டீனில் சிரித்தார்கள். அவளுக்குக் கேட்கும்படியாகவே சிரித்தார்கள்.

அந்த வருஷமே அவள் தங்கச்சிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. தங்கச்சி தையல்காரி. விரலில் ஊசி இறங்கினால் வாயில் வைத்துச் சூப்பிவிட்டு அடுத்த தையலைப் போடுகிற ரகம். அறுவை முடிந்த மறுநாள் ஊசியக்கா வார்டுக்குப் போனபோது தங்கச்சி சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன.

“நர்ஸ் கேட்டாங்களா?”

“கேட்டாங்க. மூணுன்னேன்.”

“மூணா?”

“ரெண்டு புள்ளை பெத்திருக்கேன், அத வெச்சுப் பாத்தா இது மூணுதானேக்கா?”

ஊசியக்கா நர்ஸ் மேஜைக்குப் போனாள். அங்கே இருந்தவள் பழக்கமான பெண்தான். “அக்கா, மூணுன்னா மாத்திரைதான். குடுத்தாச்சு. நான் வேற ஏதாவது குடுத்து, உங்க கதி எனக்கும் வரணுமா?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, பயந்துதான் சொன்னாள். அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

திரும்பி வந்து தங்கச்சியின் காதருகில் குனிந்தாள். “இப்ப மறுபடியும் கேப்பாங்க. எட்டுன்னு சொல்லு.”

“பொய் சொல்லச் சொல்றியா?”

“ஆமா. சொல்லு.”

தங்கச்சி சொன்னாள். பத்து நிமிஷத்தில் ஊசி வந்தது. கம்பியைப் பிடித்த கை தானாக அவிழ்ந்தது. ஊசியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் தங்கச்சியின் மூச்சை எண்ணினாள். எண்ணி முடித்து வீட்டுக்குப் போகும்போது மனசு கசந்து கிடந்தது. வேலை நடந்துவிட்டது, ஆனால் அது தன் வேலை இல்லை என்று தோன்றியது.

மறுநாள் காத்திருப்பறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர். எதைக் கேட்டாலும் “பரவாயில்லம்மா, பரவாயில்லம்மா” என்றார். அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால் அவள் சொன்னாள்: “ஐயா, நாளைக்கு வலி எத்தனன்னு கேப்பாங்க. பரவாயில்லன்னு சொல்லிடாதீங்க. எட்டுன்னு சொல்லுங்க.”

முதலில் வாயில்லாப் பூச்சிகளுக்கு மட்டும்தான் சொன்னாள். பிறகு பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டார், “எனக்கு ஒண்ணும் சொல்லலையேம்மா?” அவருக்கும் சொன்னாள். யாருக்குத் தேவை என்று பார்த்துச் சொல்ல அந்த அறையில் அவளுக்கு வழியில்லை. அறுவைக்கு முன்னால் எல்லார் முகத்திலும் ஒரே பயம்தான். ஒரு மாசத்தில் எட்டு நாற்காலிக்கும் சொல்வது வழக்கமாகிவிட்டது. மோதிரம், பல்செட், கடைசிச் சாப்பாடு, எட்டு. தன்னை வெளியே தள்ளிய வார்டுக்குள் தன் கை இன்னும் நுழைகிறது என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. அது திருப்தி மட்டும் இல்லை, கொஞ்சம் பழிவாங்கலும் கலந்திருந்தது என்பதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டாள்.

வார்டுகளில் இருப்பவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. எழுந்து நடந்து பாத்ரூம் போய்விட்டு வருகிறவன் எட்டு என்கிறான். செல்போனில் சிரித்துப் பேசிக்கொண்டே ஒருத்தி எட்டு என்று விரலைக் காட்டுகிறாள். நாலும் இல்லை, ஆறும் இல்லை, எல்லாம் எட்டுதான். இரண்டு மாசத்தில் நர்ஸுகள் அவர்களாகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார்கள். எட்டு என்றால் நாலு; பத்து என்றால் ஐந்து. முதலில் மாத்திரை, அரைமணி பொறு, அப்புறம் பார்க்கலாம். “எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வந்துட்டாங்க” என்று கேலி வேறு. இந்தக் கேலி அவள் காதுக்கும் வந்தது. வந்தும் அவள் நிறுத்தவில்லை. எட்டு செல்லாவிட்டால் ஒன்பது என்று சொல்லிக் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தாள்.

அப்போதுதான் சலவையம்மா வந்தாள். பெரிய ஹோட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே இஸ்திரி மெஷின் ஓட்டுகிறவள், நாற்பது வயசு. ஈரத்தரையில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்து மாவுக்கட்டுப் போட வேண்டும். காத்திருப்பறையில் அவ்வளவு வலியிலும் எடைமெஷினைப் பார்த்து, “கட்டுப் போட்டப்புறம் ஏறினா எடை கூடியிருக்கும், இப்பவே எழுதிக்கங்கம்மா” என்று சிரித்தாள். ஊசியக்காவும் சிரித்துக்கொண்டே சொன்னாள், எட்டு என்று.

அறுவை முடிந்த மறுநாள் காலை பத்து மணிக்கு சலவையம்மா எட்டு என்றாள். மாத்திரை கொடுத்தார்கள். பதினொன்றுக்கு மறுபடியும் எட்டு என்றாள். பொறுங்கள் என்றார்கள். பன்னிரண்டுக்குக் கால் விரல் மரத்துப்போகிறது என்றாள். மாவுக்கட்டுப் போட்டால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒரு மணிக்கு அவள் கத்தினாள். “இதுவும் ஊசியக்கா பள்ளிக்கூடத்துப் படிப்புதான்” என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி சிரித்தாளாம். நாலு மணிக்கு எலும்பு டாக்டர் வந்து போர்வையை விலக்கினார். விரல்கள் வெளுத்துக் கிடந்தன. கட்டுக்குள்ளே கால் வீங்கி, ரத்தம் போக வழியில்லாமல் இறுகியிருந்தது. அங்கேயே கட்டை வெட்டிப் பிளந்து, மறுபடியும் அரங்குக்குக் கொண்டுபோய்ச் சதையைக் கீறிவிட்டார்கள். கால் தங்கியது. ஆனால் உள்ளே செத்த சதையும் நரம்பும் திரும்பவில்லை. பாதத்தை இனி அவளால் மேலே தூக்க முடியாது. நடந்தால் தரையில் இழுபடும்.

நாலு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஊசியக்கா அந்த வார்டுக்குப் போனாள். சலவையம்மா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, கையை நீட்டினாள்.

“வாங்கம்மா. நீங்க ஒருத்திதான் விசாரிக்க வந்திருக்கீங்க. நீங்க சொன்ன மாதிரியே எட்டுன்னுதாம்மா சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். நான்தான் சரியாச் சொல்லலையோ என்னமோ.”

ஊசியக்கா நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க சரியாத்தான் சொன்னீங்க” என்றாள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வெளியே வந்தாள்.

நேராக ஹெட் சிஸ்டரின் அறைக்குப் போனாள்.

“எல்லாருக்கும் எட்டுன்னு சொல்லிக் குடுத்தது நான்தான்.”

“தெரியும். மூணு மாசமாவே தெரியும்.”

“தெரிஞ்சா ஏன் தடுக்கல?”

ஹெட் சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “போன மாசம் எங்கம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் இங்கதான் நடந்துச்சு. நானும் அதையேதான் சொல்லி அனுப்பினேன்.”

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“நான் எழுதித் தரப்போறேன்” என்றாள் ஊசியக்கா.

“எழுதாதடி. எழுதினா அந்தம்மா காலைக் கவனிக்காம விட்டவங்க எல்லாம் தப்பிச்சுடுவாங்க, நீ ஒருத்தி மாட்டிக்குவ. போன விசாரணையில நடந்ததைப் பாத்திருக்க இல்ல?”

அவள் எழுதினாள். இரண்டு பக்கம். தான் சொல்லிக் கொடுத்ததை எழுதினாள். ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டி வந்தது என்பதையும் எழுதினாள். நம்பரை மட்டும் கேட்காமல் ஆளைப் பாருங்கள், பார்த்ததை எழுதச் சீட்டில் இடம் விடுங்கள், மூன்று மருந்தை எழுதினால் எது முதலில், எதற்குப் பிறகு எது கூடாது என்று டாக்டரே எழுதட்டும் என்று கேட்டாள். கவரில் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினாள்.

அவள் எதிர்பார்த்த தண்டனை வரவில்லை, பதிலும் வரவில்லை. ஒரு மாசம் கழித்து இரண்டு பேர் ஏணியோடு வந்து, காத்திருப்பறைச் சுவரில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். ‘இங்கு பணிபுரிவோர் நோயாளிகளிடம் வலி பற்றிப் பேசக் கூடாது.’ வார்டுச் சீட்டில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. சின்ன டாக்டர் இப்போது சின்ன டாக்டர் இல்லை. அவனுக்குக் கீழே ஒரு பையன் மூன்று மருந்தை எழுதிக்கொண்டிருக்கிறான்.

அவள் இன்னமும் அந்த அறையில்தான் இருக்கிறாள். ஓய்வு பெற ஆறு வருஷம் பாக்கி. வார்டுக்குத் திரும்பப் போடச் சொல்லி இரண்டுதரம் மனுக் கொடுத்தாள், இரண்டும் திரும்பி வந்தன. ரொம்ப வலிக்குமா என்று யாராவது கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்கிறாள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

சலவையம்மாவுக்கு ஹோட்டலில் நின்று செய்கிற வேலை போய்விட்டது. காலில் ஒரு பிளாஸ்டிக் அணைப்பை மாட்டிக்கொண்டு வியாழக்கிழமை தோறும் எலும்பு டாக்டரிடம் வருகிறாள். ஊசியக்காவைத் தூரத்தில் கண்டாலே காலை இழுத்து இழுத்து அருகில் வந்து, சௌக்கியமா என்று கையைப் பிடித்துக்கொள்வாள். பக்கத்தில் இருப்பவர்களிடம், “எனக்குன்னு ஒரு நல்ல வார்த்தை சொன்ன அம்மா இவங்கதான்” என்பாள்.

வியாழக்கிழமைகளில் ஊசியக்கா பின்பக்கப் படிக்கட்டு வழியாக வேலைக்கு வருகிறாள்.